டர்பன் தமிழருக்கு எது சொந்த ஊர்? பூர்வீகமும் இணையமும் அடையாளத்தை வனையும் விதம்

2019 அக்டோபரில், விசாகப்பட்டினம் டெஸ்ட் போட்டியில் தென்னாப்பிரிக்க அணிக்காக செனுரன் முத்துசாமி முதன்முறையாகக் களமிறங்கினார். பெயரைப் பார்த்த தமிழ் ரசிகருக்கு உடனே வரும் கேள்வி அவருடைய பந்துவீச்சைப் பற்றியது இல்லை. "எந்த ஊர்க்காரர்?" என்பதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர் என்று சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி வராது. "அது சரி, சொந்த ஊர் எது?"

பேஸ்புக்கிலும் இதே குழப்பம். கோவெண்டர், மூட்லி, பில்லே, படையாச்சி என்ற பெயர்களில் டர்பன் ஆட்கள் வருகிறார்கள். வணக்கம் சொல்கிறார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், தங்களைத் தமிழர் என்கிறார்கள். ஆனால் தமிழில் நாலு வரி பேச வராது, பூர்வீகம் கேட்டால் தெரியாது. ஊரும் இல்லாமல் மொழியும் இல்லாமல் தமிழர் என்ற எண்ணம் எப்படி நிற்கிறது? இன்று அதை நிறுத்தி வைப்பதில் இணையத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு எல்லா இடத்திலும் நல்லதாக வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது.

ஊர் என்ன வேலை செய்கிறது?

அடையாளம் என்பதை இங்கே மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் தன்னை யார் என்று நினைக்கிறார். மற்றவர்கள் அவரை யார் என்று நினைக்கிறார்கள். அரசாங்கம் அவரை எந்தக் கட்டத்தில் எழுதுகிறது. தமிழ்நாட்டில் ஊர் இந்த மூன்றுக்கும் பதில் தந்துவிடும். ஊரைச் சொன்னால் குலதெய்வம், சொந்தபந்தம், பேச்சு வழக்கு, வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் சாதி, எல்லாவற்றையும் எதிரே இருப்பவர் பாதி ஊகித்துவிடுவார்.

இந்தப் பழக்கம் கடல் தாண்டியும் போகிறது. காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22-இல் 16 வயதில் இறந்த வள்ளியம்மை பிறந்தது ஜோஹன்னஸ்பர்க்கில். இறந்ததும் அங்கேதான். தில்லையாடி பெற்றோர் வழி ஊர். ஆனாலும் நமக்கு அவர் தில்லையாடி வள்ளியம்மைதான். ஜோஹன்னஸ்பர்க் வள்ளியம்மை என்று யாரும் சொல்வதில்லை.

ஊர் அறுந்த கதை

1. முதல் அறுப்பு, கப்பல். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை பதிவேட்டில் எழுதினார்கள். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் போட்டார். ஊர் அந்தப் பேரேட்டுக்குள் தங்கிவிட்டது. கரும்புத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அது கேள்விப்பட்ட பெயர்; பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

2. இரண்டாவது அறுப்பு, சட்டம். இதைத்தான் தமிழ்நாட்டில் பலர் கவனிப்பதில்லை. தொண்ணூறு வருடங்களில் டர்பனிலேயே ஊர்கள் உருவாகிவிட்டிருந்தன. கேட்டோ மேனரில் தோட்டமும் கோயிலும் பள்ளியும் இருந்தன. நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மகசின் பாரக்ஸில் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்தார்கள். 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டது. 1960-களில் இந்தியர்களை அவர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த் என்ற டர்பன் புறநகருக்கு மாற்றினார்கள். 1976-இல் இருந்து ஃபீனிக்ஸ் என்ற இன்னொரு புறநகருக்கும். சாட்ஸ்வர்த்தில் பகுதிகளுக்கும் எண், தெருக்களுக்கும் எண்.

3. மூன்றாவது, 1994-இல் இனவெறி ஆட்சி முடிந்த பிறகு. இதை யாரும் திணிக்கவில்லை. படித்த பிள்ளைகள் ஜோஹன்னஸ்பர்க் பக்கமும், பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, இங்கிலாந்து என்றும் போனார்கள்.

இதற்கு நடுவில் மொழியும் போனது. பள்ளி ஆங்கிலத்தில், வேலை ஆங்கிலத்தில், கூட்டுக்குடும்பம் இருந்த இடத்தில் நகராட்சி கட்டிய சின்ன வீடு. ஆயா, தாத்தா, பெரியம்மா, மாமா என்ற முறைச்சொற்களும், சாப்பாட்டுப் பெயர்களும், சாமி கும்பிடும் சொற்களும் ஆங்கில வாக்கியங்களுக்குள் மிஞ்சின. தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 6-வது பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வீட்டில் பேச ஆள் இல்லாத மொழிக்கு அது ஒரு கௌரவம், அவ்வளவுதான்.

ஆக, "இணையம் வந்து ஊரை மறக்கடித்துவிட்டது" என்ற வழக்கமான புலம்பல் டர்பனுக்குப் பொருந்தாது. இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர் என்ற கட்டம் காலியாகத்தான் கிடந்தது. அதில் யார் எதை எழுதுகிறார்கள் என்பதே இப்போதைய விஷயம்.

இணையத் தொடர்பு ஒரே மாதிரி இல்லை

எந்த வகைத் தொடர்பு என்பதைப் பொறுத்து ஒருவர் எந்த ஊரோடு ஒட்டுகிறார் என்பதும் மாறுகிறது.

1. குடும்ப வாட்ஸ்அப் குழு. இதில் புதிதாக ஒன்றும் இல்லை, பழைய உறவுதான். ஒருவர் சாட்ஸ்வர்த்தில், தங்கை பெர்த்தில், பெரியப்பா மகன் டொரண்டோவில். ஊரால் பிரிந்தவர்களைக் குடும்பமாக வைத்திருப்பது இதன் வேலை. 2022-இல் குழுவின் உச்சவரம்பை வாட்ஸ்அப் 1,024 பேராக உயர்த்தியது. நம் குடும்பங்களுக்கு அதுவும் சில சமயம் போதாது.

2. பூர்வீகம் தேடுதல். கப்பல் பதிவேடுகள் கணினிக்கு ஏறிவிட்டதால், தாத்தாவின் எண் கிடைத்தால் கிராமத்தின் பெயர் வரை போகலாம். அங்கே தொடங்குகிறது சிக்கல். "வட ஆற்காடு ஜில்லா" என்று எழுதியிருக்கும். அந்த மாவட்டம் இன்று இல்லை. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது ஒரு பகுதி அதோடு போனது, அது இப்போது ஆந்திராவில். மீதியை 1989-இல் வேலூர் பக்கம், திருவண்ணாமலை பக்கம் என்று இரண்டாக்கினார்கள். 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கிராமத்தின் பெயர் புதூர் என்றோ பாளையம் என்றோ இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். கூகுள் வரைபடத்தில் இருபது புள்ளி விழும். அவற்றில் மனசுக்குப் பிடித்த ஒன்றைக் குடும்பம் தன் ஊராக எடுத்துக்கொள்ளும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர் மரபாகக் கைக்கு வரவில்லை, தேடி எடுத்துக்கொண்டது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

3. மரபணுச் சோதனை. எச்சிலை அனுப்பினால் ஊர் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அந்தச் சோதனை உங்கள் மரபணுவை, ஏற்கெனவே சோதித்துக்கொண்டவர்களின் தொகுப்போடு ஒப்பிடுகிறது, அவ்வளவே. அது தரும் பதில் பெரும்பாலும் "தென்னிந்தியா" போன்ற பெரிய பகுதி என்ற அளவில் நிற்கும். உறவினர் பட்டியல் வேறு கதை. ஆற்காட்டுக் கிராமத்தில் இருக்கும் தூரத்து உறவினர் பணம் கட்டிச் சோதித்திருக்க வாய்ப்பு குறைவு. சோதித்திருப்பவர்கள் வெளிநாடுகளில் இருப்பவர்கள். அதனால் டர்பன்காரருக்குச் சென்னையைவிட ஃபிஜியிலோ மொரீஷியஸிலோ மலேசியாவிலோ உறவினர் கிடைப்பதே எளிது. ஃபிஜிக்கு 1903-இல் இருந்து சென்னையிலிருந்து கூலிக்கப்பல் போனது. ஒரே வீட்டின் அண்ணன் நட்டாலுக்கும் தம்பி ஃபிஜிக்கும் போயிருக்க முடியும். ஊரைத் தேடிப் போனவருக்குக் கிடைப்பது இன்னொரு கூலிக் குடும்பத்தின் வாரிசு. இப்படி உருவாகும் "நாம்" என்ற உணர்வுக்கு எந்த ஊரும் தேவைப்படவில்லை. என் பார்வையில் இணையம் தந்த தொடர்புகளில் மிக உண்மையானது இதுதான்.

4. பரிந்துரை ஓடை. முன்பு சமூக ஊடகத்தில் நாம் யாரைத் தொடர்கிறோமோ அவர்கள் போடுவதே வந்தது. இப்போது நாம் எதில் சில நொடி கூடுதலாக நிற்கிறோம் என்று அல்காரிதம் கணக்கிட்டு, முன்பின் தெரியாதவர்களின் காணொளியைக் கொண்டுவந்து காட்டுகிறது. ஃபீனிக்ஸில் ஒரு பெண் முருகன் பாட்டு ஒன்றை முழுதாகக் கேட்டால் அடுத்து வருவது சென்னை, அதற்கு அடுத்தது பத்துமலை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியைத் தாண்டியது. தென்னாப்பிரிக்காவில் இந்திய, ஆசிய வம்சாவளியினர் எல்லோரையும் சேர்த்தே 2022 கணக்கெடுப்பில் 2.7 விழுக்காடு. தமிழ் காணொளிகள் எங்கிருந்து மலையாகக் குவியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டர்பன் தமிழ்க் கோயில் ஒன்றின் பதிவு அந்த மலைக்கு அடியில் கிடக்கும்.

இதன் விளைவு நுட்பமானது. டர்பனை ஒட்டிய இசிபிங்கோவின் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று பெருந்திருவிழா நடக்கும். தோட்டத்து முதலாளிகள் விடுமுறை தந்த நாளில் அம்மனைக் கும்பிட்டார்கள், அது வழக்கமாகிவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆடியில் கூழ் வார்ப்பதை ஆங்கிலத்தில் கஞ்சிப் பூசை என்றே சொல்வார்கள். நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே வேர்விட்ட வழக்கங்கள் இவை. யூடியூபில் ஒரு சென்னைப் பேச்சாளர் "முறைப்படி" எப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்கியதைப் பார்த்த பிள்ளை, ஆயா செய்வதைத் தப்பு என்கிறது. ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆற்காட்டிலிருந்து வந்தவர். யூடியூப்காரரைவிட அவர் எந்த விதத்தில் குறைந்தவர்?

பெயர் படும் பாடு

தமிழ்நாட்டில் 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன் பிறகு மெல்ல மெல்ல, பெயருக்குப் பின்னால் சாதி போடுவது பொதுவெளியில் கூச்சமான காரியம் ஆயிற்று. அந்தக் காலத்துக்கு முன்பே கப்பல் ஏறியவர்களின் பட்டம் நட்டால் பதிவேடுகளில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். டர்பனில் ஒரு மூட்லியும் ஒரு நாயுடுவும் கல்யாணம் செய்தால், இன்றைய தலைமுறைக்கு அது பெரும்பாலும் இரண்டு குடும்பப் பெயர்கள், அவ்வளவே.

அதே ஆள் தமிழ்நாட்டுக் குழுவில் சேர்ந்தால் முதல் நாளே இரண்டு விதமான வரவேற்பு கிடைக்கும். ஒரு பக்கம் "சாதியைப் பெயரில் வைத்திருக்கிறாயே" என்ற கோபம். இன்னொரு பக்கம், அது இன்னும் மோசம், "நீ நம்ம ஆள்" என்று சாதிச் சங்கக் குழுவுக்கு அழைப்பு. நூற்றைம்பது வருடத்தில் டர்பன் பெருமளவு தேய்த்து அழித்ததை ஓர் இணைய அழைப்பு திரும்ப எழுதிக் கொடுக்கிறது. பிறந்த ஊரைவிட இணையத் தொடர்பு அடையாளத்தை ஆழமாக மாற்றும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது. இதில் மகிழ ஒன்றுமில்லை.

சென்னையின் சூரியன், டர்பனின் தீபாவளி

தீபாவளி சமயத்தில் டர்பன் வாட்ஸ்அப் குழுக்களில் பஞ்சாங்கப் படம் பறக்கும். பெரும்பாலும் அது சென்னைக்குக் கணித்தது. என்ன பிரச்சினை என்று பார்ப்போம்.

அ. திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளிக் கணக்கு. அது உலகம் முழுவதும் ஒரே கணத்தில் முடியும்.

ஆ. ஆனால் ஒரு நாள் எந்தத் திதிக்கு உரியது என்பதைப் பொதுவாக அந்த இடத்தின் சூரிய உதயம் தீர்மானிக்கிறது.

இ. இந்திய நேரம் தென்னாப்பிரிக்க நேரத்தைவிட மூன்றரை மணி முந்தியது. ஐப்பசி மாதத்தில் சென்னையில் காலை 6 மணி வாக்கில் விடியும். டர்பனுக்கு அது கோடை தொடங்கும் நேரம், அங்கே 5 மணியை ஒட்டி விடியும்.

ஈ. ஒரு திதி இந்திய நேரம் காலை 7 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் விடியும்போது அந்தத் திதி இருக்கிறது. டர்பனில் அப்போது அதிகாலை 3:30. விடியும்போது திதி போய்விட்டது. ஆகவே ஒரே திதிக்கு இரண்டு ஊரிலும் வேறு வேறு நாள் வர முடியும்.

உள்ளூர் அமைப்புகள் டர்பனுக்கென்று கணித்த நாட்காட்டி வெளியிடுவது இதற்காகத்தான். தமிழர் தீபாவளி சதுர்த்தசியில், வடஇந்திய வழிக்காரர்களின் தீபாவளி அமாவாசையில் என்ற பழைய நாள் தகராறு வேறு இருக்கிறது. அதற்கு மேல் சென்னைப் படமும் வந்து சேர்ந்தால், தன் தலைக்கு மேல் உதிக்கும் சூரியனை விட்டுவிட்டு மெரினாவில் உதிப்பதற்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நிலைமை.

ஊர் விடாத இடங்கள்

இவ்வளவையும் வைத்து, ஊருக்கு இனி வேலை இல்லை என்று முடிவு கட்டினால் தவறு. இரண்டு இடத்தில் அது நேராக வந்து நிற்கிறது.

முதலாவது, ஆபத்து. 2021 ஜூலையில் முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஸூமா சிறைக்குப் போனதைத் தொடர்ந்து டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்திலும் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங்கிலும் கலவரம், கொள்ளை. அரசுக் கணக்கில் 354 பேர் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். போலீஸ் வராத நிலையில் தெருவை மறித்து நின்றவர்களை ஒருங்கிணைத்தது வாட்ஸ்அப். வதந்தியையும் பயத்தையும் குரல்பதிவாகப் பரப்பியதும் அதே வாட்ஸ்அப். அந்த நாட்களில் சென்னைப் பாட்டோ ஃபிஜி உறவினரோ யாருக்கும் நினைவில் இல்லை. எந்தத் தெரு, எந்த முனை என்பதே கேள்வி. அப்புறம் ட்விட்டரில் ஃபீனிக்ஸ் என்ற பெயரே குற்றச்சாட்டாக மாறியது. அந்தப் பக்கமே போகாத ஒரு நாயுடுவும் பெயருக்காகப் பதில் சொல்ல வேண்டிய நிலை. இனவெறி அரசு வரைந்த கோட்டுக்குள் கட்டிய ஓர் இடத்தை, அங்கே வசிக்காதவர்களின் அடையாளமாகவும் இணையம் ஆக்கிவிட்டது.

இரண்டாவது, அரசாங்கக் காகிதம். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு இணைய உறவு எதுவும் செல்லாது. 1950 ஜனவரி 26-இலோ அதன் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்த, அல்லது அந்த நாளில் ஆகத் தகுதி பெற்றிருந்த ஒருவர், அவருடைய பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை என்பது விதியின் சாரம். 1860-களில் கப்பல் ஏறியவரின் வழியில் இன்று ஆறாம் தலைமுறை பள்ளிக்குப் போகிறது. மொரீஷியஸ் நாட்டவருக்கு ஏழாம் தலைமுறை வரை 2024 மார்ச்சில் இந்தியா தளர்த்தியது. டர்பன்காரர்கள் அதைப் பார்த்து "நமக்கு ஏன் இல்லை?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. சான்றாகக் காட்ட அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் அந்தக் குமாஸ்தா எழுதிய ஒரு வரிதான்.

சாட்ஸ்வர்த்தே சொந்த ஊர் ஆகும்போது

கடைசியாக ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும், இது இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. பெர்த்தில் பிறந்த பிள்ளையிடம் "உங்கள் குடும்பம் எந்த ஊர்?" என்று கேட்டால் வட ஆற்காடு என்று பதில் வராது. சாட்ஸ்வர்த் என்றுதான் வரும். பெரியவர்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிய இடம், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பூர்வீகம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் அதை அறிவது பழைய படங்கள் வழியாகவும், பாட்டியின் குரல்பதிவு வழியாகவும், கோயில் நேரலை வழியாகவும். 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் வந்து அந்த வருடத்துப் புனித வெள்ளிக்குக் கூட்டம் கூட முடியாமல் போனது. அதை ஒட்டிப் பூசையை நேரலையாகக் காட்டும் வழக்கம் பரவியது. அது நின்றுவிடவில்லை.

ஆகவே போட்டி ஊருக்கும் இணையத்துக்கும் நடுவில் இல்லை. பெர்த் பிள்ளையின் கைபேசியில் இசிபிங்கோ முதலில் வருமா, சென்னை முதலில் வருமா என்பதில்தான் இருக்கிறது. சென்னைக்கு ஆள்பலம் அதிகம். இசிபிங்கோ பக்கம் இருப்பது ஒன்றே ஒன்று: நேரலையின் கீழே பெயர் சொல்லி "யார் பேரன் நீ?" என்று கேட்கும் ஆட்கள். கோயில் கமிட்டிகள் திருவிழாவை மட்டும் படம்பிடித்துப் போடுகின்றன. டர்பனுக்குக் கணித்த நாட்காட்டி, ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து கைமாறி வந்த தேவாரத் தாள்கள், கூழ் வார்க்கும் முறையைச் சொல்லும் கிழவிகளின் பேச்சு ஆகியவையும் ஏறினால் அல்காரிதத்துக்கே எடுத்துக்காட்ட வேறு ஏதாவது கிடைக்கும்.